பாட்டின் தலையெழுத்து

மதுரையில் பியானோ சொல்லிக்கொடுக்கும் மிஸ் ஒருவர் தம் மாணவர்களின் ஆண்டு நிகழ்ச்சிக்கு நிரல் அச்சடிக்கும்போதெல்லாம் கடைசி ப்ரூஃபை என்னிடம் தருவார். நரிமேட்டில் ஒரு சின்ன அரங்கு, மேடையில் ஒரு பியானோ, பெற்றோர் கையில் ஆளுக்கொரு மடித்த தாள். போன முறை நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தந்தை அந்தத் தாளோடு மிஸ்ஸிடம் வந்தார். நாலைந்து இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். மொசார்ட்டின் ‘ஐனெ க்ளைனெ நாஹ்ட்மூஸிக்’ என்பதில் நடுச்சொல் சின்ன எழுத்தில் தொடங்கியிருந்தது. டெபுஸியின் ‘க்ளேர் த லூன்’ என்பதில் கடைசிச் சொல்லுக்குச் சின்ன எழுத்து. விவால்டியின் ‘லெ குவாத்ரோ ஸ்தஜோனி’யில் முதல் சொல்லைத் தவிர மற்ற இரண்டும் சின்ன எழுத்து. “தலைப்புன்னா ஒவ்வொரு வார்த்தையும் கேப்பிட்டல்ல ஆரம்பிக்கணும் மிஸ். என் பையன் மூணாங் கிளாஸ்லயே படிச்சிட்டான். அச்சடிக்கிறவங்க பார்க்க மாட்டாங்களா?” கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார். “அது அந்தந்த பாஷையோட வழக்கம் சார்” என்றார் மிஸ். அவர் தலையாட்டினார். ஆனால் சமாதானம் ஆகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்கும் சமாதானம் ஆகவில்லை, வேறொரு காரணத்துக்காக. அவர் வட்டம் போட்ட இடமெல்லாம் சரியாக இருந்தது. வட்டம் போடாத ஓர் இடம்தான் என்னை உறுத்தியது. நிரலின் கடைசி உருப்படியாக ஒரு மாணவி கீபோர்டில் வாசித்த ‘எந்தரோ மஹானுபாவுலு’ இருந்தது. அதற்கு மட்டும் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து, அசல் ஆங்கிலத் தலைப்பு மாதிரி. ஜெர்மனுக்கு ஜெர்மன் வழக்கம், பிரெஞ்சுக்குப் பிரெஞ்சு வழக்கம், இத்தாலியனுக்கு இத்தாலிய வழக்கம் என்று பார்த்துப் பார்த்துச் செய்த தாளில், தியாகராஜருக்கு வந்ததும் ஆங்கிலத்தின் சட்டையை எடுத்து மாட்டியாகிவிட்டது. அப்படித்தான் எல்லாரும் செய்கிறார்கள். இணையத்தில் எந்தப் பாட்டுப் பட்டியலைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கிறது. எல்லாரும் செய்வதாலேயே அது கண்ணில் படுவதில்லை. அன்றைக்கு, அயல்மொழித் தலைப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால், பட்டது.

நான்கு பருவங்கள்

விவால்டியின் அந்தப் படைப்பையே எடுத்துக்கொள்வோம். 1725-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஒரு தொகுப்பில் உள்ள நான்கு வயலின் கான்செர்ட்டோக்கள். உலகமெங்கும் வாசிக்கப்படுவதால் அந்தப் பெயர் எல்லா மொழியிலும் கிடைக்கிறது. இத்தாலியனில் முதல் சொல் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும், மற்றவை சின்னது. வாக்கியம் எழுதுவது போலத்தான் அவர்களுக்குத் தலைப்பும். நடுவில் ஆள்பெயரோ ஊர்ப்பெயரோ வந்தால் அதற்குப் பெரிய எழுத்து உண்டு. அதனால்தான் மொசார்ட்டின் ‘லெ நோட்ஸெ தி ஃபிகாரோ’வில் ‘ஃபிகாரோ’ பெரிது, கல்யாணத்தைச் சொல்லும் ‘நோட்ஸெ’ சின்னது. வெர்தியின் ‘லா த்ராவியாத்தா’வில் ‘த்ராவியாத்தா’வுக்கும் சின்ன எழுத்துதான். ஸ்பானியமும் ஏறக்குறைய இதே வழி. ரஷ்யனும் முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்ளும்.

ஜெர்மனில் அதே படைப்பு ‘டீ ஃபியர் யாரெஸ்ஸைட்டன்’. முதல் சொல் தொடக்கம் என்பதால் பெரிது, கடைசிச் சொல் பெயர்ச்சொல் என்பதால் பெரிது, நடுவில் இருக்கும் ‘நான்கு’ சின்னது. இது தலைப்புக்கென்று இருக்கும் விதியே அல்ல. ஜெர்மனில் கடிதம் எழுதினாலும் கடைச்சீட்டு எழுதினாலும் பெயர்ச்சொல் எல்லாம் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். டேனிஷ்காரர்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் எழுதினார்கள், 1948-இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து விட்டுவிட்டார்கள். அந்தத் தந்தை வட்டம் போட்ட ‘க்ளைனெ’ ஓர் பெயரடை. பெயர்ச்சொல்லைச் சிறப்பிக்க வந்த சொல்லுக்கு ஜெர்மனில் பெரிய எழுத்துக் கிடையாது. பிராம்ஸின் ‘ஐன் டாய்ச்செஸ் ரெக்வியம்’ என்ற பெயரில் ‘ஜெர்மானிய’ என்று பொருள்படும் சொல்லுக்கே சின்ன எழுத்துதான். ஆங்கிலம் படித்த கண்ணுக்கு அது நம்பவே முடியாததாக இருக்கும்.

பிரெஞ்சுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விவால்டியின் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் மூன்று சொல்லும் பெரிய எழுத்தில் வரும். ஆங்கிலத்திலும் மூன்றும் பெரிதுதான். பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், காரணமோ முற்றிலும் வேறு. பிரெஞ்சு மரபில் தலைப்பு ‘ல’, ‘லா’, ‘லே’ போன்ற ஆர்ட்டிக்கிளில் தொடங்கினால், அடுத்து வரும் முதல் பெயர்ச்சொல் வரைக்கும் பெரிய எழுத்து ஓடும், இடையில் பெயரடை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும், அந்தப் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடும். ஸ்ட்ராவின்ஸ்கி 1913-இல் பாரிஸில் அரங்கேற்றிய ‘ல ஸாக்ர் து ப்ரேந்தான்’ என்பதில் ‘ஸாக்ர்’ பெரிது, வசந்தத்தைச் சொல்லும் ‘ப்ரேந்தான்’ சின்னது. ‘க்ளேர் த லூன்’ ஆர்ட்டிக்கிள் இல்லாமல் தொடங்குவதால் முதல் சொல்லோடு சரி. பிரெஞ்சுக்குள்ளேயே எல்லாரும் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை, நூலகப் பட்டியல்களில் முதல் சொல்லை மட்டும் பெரிதாக்கும் வழக்கமும் உண்டு. அதே டெபுஸி 1908-இல் வெளியிட்ட ‘சில்ட்ரன்ஸ் கார்னர்’ என்ற பியானோ தொகுப்புக்குத் தாமே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். அதனால் அதற்கு ஆங்கில வழக்கம். இசையமைத்தவர் பிரெஞ்சுக்காரராக இருந்தாலும், பெயர் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியின் விதிதான் செல்லும்.

ஆங்கிலம் மட்டும் தெளிவாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. முக்கியமான சொற்கள் பெரிது, ஆர்ட்டிக்கிளும் சின்ன இணைப்புச் சொற்களும் ப்ரெபொசிஷன்களும் சிறிது என்று பொதுவாகச் சொல்வார்கள். ப்ரெபொசிஷன் எத்தனை எழுத்து நீளமாக இருந்தால் பெரிதாக்குவது என்பதில் சண்டை. நாலு எழுத்துக்கு மேல் போனால் பெரிது என்கிறது ஒரு கட்சி. எவ்வளவு நீளமானாலும் சின்னதுதான் என்று நெடுங்காலம் பிடிவாதமாக இருந்த சிகாகோ ஆங்கில நடைக் கையேடு, 2024-இல் வந்த பதினெட்டாம் பதிப்பில் ஐந்து எழுத்தும் அதற்கு மேலும் உள்ளவை பெரிது என்று மாற்றிக்கொண்டது.

இத்தனையையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று விளங்குகிறது. தலைப்பில் வரும் பெரிய எழுத்தை நாம் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது இலக்கணம். எது பெயர்ச்சொல் என்று தெரியாமல் ஜெர்மன் தலைப்பை எழுத முடியாது. எது முதல் பெயர்ச்சொல் என்று தெரியாமல் பிரெஞ்சுத் தலைப்பை எழுத முடியாது. எது ப்ரெபொசிஷன் என்று தெரியாமல் ஆங்கிலத் தலைப்பை எழுத முடியாது. அப்படியானால் ஆங்கில விதியை ஒரு தெலுங்குக் கீர்த்தனைக்குப் போட வேண்டுமானால் அதில் ப்ரெபொசிஷன் எது என்று காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக முன்னால் நிற்பது தெலுங்கிலும் தமிழிலும் வேற்றுமை உருபாகப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். உருபுக்குத் தனியாக முதலெழுத்தே கிடையாது. விதி வந்து பிடித்துக்கொள்ள அங்கே இடமே இல்லை.

பிடித்துக்கொள்ள இடமில்லாதபோது ஆட்கள் கண்ணளவில் முடிவு செய்கிறார்கள். ஒரு நவராத்திரி நிரலில் தீட்சிதரின் ‘மீனாக்ஷி மே முதம் தேஹி’யைப் பார்த்தேன். ‘மே’ மட்டும் சின்ன எழுத்து, மற்ற மூன்றும் பெரிது. இரண்டே எழுத்துள்ள சொல், ஆங்கிலத்தின் ‘ஆஃப்’, ‘இன்’ போல ஏதோ ஒன்று என்று அச்சுக் கோத்தவர் எண்ணியிருக்க வேண்டும். கேட்கிறவனே அந்த ‘மே’யில்தான் இருக்கிறான். எனக்கு ஆனந்தம் கொடு தாயே என்று மீனாட்சி முன்னால் கைகூப்பி நிற்கிறவனின் ‘எனக்கு’ அது. 1835-இல் எட்டயபுரத்தில் தீட்சிதரின் இறுதி வேளையில் சீடர்கள் பாடியது இந்தக் கீர்த்தனைதான் என்பது மரபு. அந்தப் பாட்டில் யாரும் பார்க்காமலேயே சின்னதாக்கிவிடக்கூடிய சொல் அல்ல அது.

ஓசையைச் சுமக்கும் எழுத்து

நம் எழுத்தில் பெரிது சிறிது கிடையாது. கணினியில் தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து, பெரிய எழுத்தாக்கு என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், ஒன்றும் அசையாது. யூனிகோடு உலக எழுத்துகளையெல்லாம் வகைப்படுத்தும்போது பெரியவை ஒரு வகை, சிறியவை ஒரு வகை, இந்த இரண்டிலும் சேராதவை வேறொரு வகை என்று பிரித்திருக்கிறது. அ, க, ண எல்லாம் மூன்றாம் வகை. தெலுங்கும் தேவநாகரியும் கிரந்தமும் அப்படியே. தமிழ் அச்சில் தலைப்பைக் காட்ட எழுத்தைத் தடிக்க வைப்போம், அளவைக் கூட்டுவோம், ஒற்றை மேற்கோள்குறி போடுவோம். புதுமண்டபத்தில் விற்ற பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையில் தலைப்பும் பெரிது, கதையும் பெரிது, கடைசி வரி வரைக்கும் எல்லா எழுத்தும் சமமாகப் பெரிது.

ஆனால் பாட்டு கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாருக்கும் தமிழ் எழுத்துத் தெரிவதில்லை. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கும், வடக்கே இருந்து வந்து கற்றுக்கொள்கிறவர்களுக்கும் ரோமன் எழுத்தில்தான் எழுதித் தர வேண்டியிருக்கிறது. அங்கே பழைய தொல்லை ஒன்று உண்டு. ரோமனில் ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் ஒரே எழுத்து, ‘ந’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரே எழுத்து, குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசமே கிடையாது. அறிஞர்கள் எழுத்தின் மேலே கோடும் கீழே புள்ளியும் போட்டு இதைத் தீர்த்தார்கள். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் அப்படித்தான் இருக்கும். 2001-இல் பன்னாட்டுத் தர அமைப்பு 15919 என்ற எண்ணில் வகுத்த முறையும் அந்த வழிதான். கோடும் புள்ளியும் டைப்ரைட்டரில் இல்லை, பழைய கணினி விசைப்பலகையிலும் இல்லை. ஆகவே மின்னஞ்சல் காலத்தில் பாட்டு டீச்சர்களும் ரசிகர்களும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். கிடைத்தது பெரிய எழுத்து. சின்ன என் போட்டால் ந, பெரிய என் போட்டால் ண. சின்ன எல் என்றால் ல, பெரிய எல் என்றால் ள. சின்ன டீ த, பெரிய டீ ட. சின்ன எஸ் ஸ, பெரிய எஸ் ஷ. ஆங்கில ஏ சின்னதாக இருந்தால் அகரம், பெரிதாக இருந்தால் ஆகாரம். முறைக்கு முறை சிறு வேறுபாடுகள் உண்டு என்றாலும் அடிப்படை இதுதான்.

வழக்கத்துக்கு மாறாக, சொல்லின் நடுவிலும் முடிவிலும் பெரிய எழுத்து எழும்பி நிற்கும். முதன்முதலில் பார்க்கிறவருக்கு ஏதோ கணினிக் கோளாறு போலத் தெரியும். ஆனால் அதைப் போல நேர்மையான எழுத்து எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒவ்வொரு பெரிய எழுத்தும் ஓர் ஓசையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ஒன்றைத் தள்ளினால் நாக்கு இடம் மாறும், ஒன்றைக் கூட்டினால் மாத்திரை மாறும்.

ஆலையா, அலையா?

போன நவராத்திரிக்கு முந்தைய நவராத்திரியில், அழகர்கோவில் சாலைப் பக்கம் ஒரு பாட்டு டீச்சர் தம் மாணவிகளைக் கொலு முன்னால் பாட வைத்தார். நான் கேட்கப் போயிருந்தேன். நிரல் வேறோர் இடத்தில் அச்சாகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சிறுமிதான் மைக் பிடித்து ஒவ்வொரு பாட்டையும் அறிவித்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. டீச்சரிடம் கணினி வழியாகவே பாட்டு கற்றுக்கொண்டவள் என்பதால், டீச்சர் எழுதி அனுப்பும் அந்தப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து முறை அவளுக்கு மனப்பாடம். அந்த முறையில் எதை நீட்டினாலும் தயங்காமல் சரியாகப் படிப்பாள்.

முதல் பாட்டு, மீனாட்சி மேல் சியாமா சாஸ்திரி சங்கராபரணத்தில் செய்த ‘சரோஜதள நேத்ரி’. மதுரையில் கொலுவென்றால் அதில்தான் தொடங்குவார்கள் என்று சொல்லும் அளவுக்கு இங்கே உரிமையுள்ள பாட்டு. சிறுமி தாளைப் பார்த்து “ஷரோஜ டள ணேத்ரி” என்று அறிவித்தாள். கூட்டத்தில் லேசாகச் சலசலப்பு. இரண்டாவது, “டாயே யசோதா”. முன்வரிசையில் ஒரு பாட்டி, “தாயே, கண்ணு, தாயே” என்று எடுத்துக் கொடுத்தார். பிள்ளை முகம் சிவந்துவிட்டது. மூன்றாவதற்கு வந்ததும் வாயைத் திறந்து, மூடி, தாளை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த பாட்டு. டீச்சர் பக்கம் திரும்பி, மைக்கை எடுக்காமலேயே கேட்டாள்: “டீச்சர், இது ஆலைபாயுதேயா, அலைபாயுதேயா?”

டீச்சர் எழுந்துபோய்த் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் அனுப்பிய பட்டியலில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது. அச்சடித்த இடத்தில் யாரோ அதைப் பார்த்து, தலைப்பு சின்ன எழுத்தில் தொடங்குகிறதே என்று ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் தூக்கிவிட்டிருக்கிறார். நல்லெண்ணத்தில், நம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த விதிப்படி. சின்ன எஸ் பெரிய எஸ் ஆனது, ஸ ஷ ஆகிவிட்டது. சின்ன டீ பெரிய டீ ஆனது, தாயே டாயே ஆகிவிட்டாள். சின்ன ஏ பெரிய ஏ ஆனது, அலை ஆலை ஆகிவிட்டது. நேத்ரியின் முதலெழுத்து ணகரமாகிவிட்டது, தமிழில் எந்தச் சொல்லும் தொடங்கவே தொடங்காத எழுத்து. அந்த அரங்கில் தாளில் இருந்ததை இருந்தபடி படித்தது அந்தப் பிள்ளை ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாருக்கும் பாட்டு முன்பே தெரியும், அதனால் தாள் என்ன சொல்கிறது என்று அவர்கள் பார்க்கவே இல்லை. டீச்சர் மைக்கை வாங்கி, “இவ படிச்சது சரி. தாள்லதான் தப்பு” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பிள்ளையின் தோளைத் தட்டி மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். அவள் ‘அலைபாயுதே கண்ணா, கானடா ராகம், ஊத்துக்காடு வேங்கடகவி’ என்று முழுமையாக அறிவித்தாள்.

அதுவரைக்கும் தெலுங்குக் கீர்த்தனைக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துப் போடுவதை ஒரு மரியாதைக் குறைவு என்ற அளவில்தான் நினைத்திருந்தேன். யாருக்கும் அதனால் நட்டமில்லை என்றும் உள்ளூர ஒரு சமாதானம் இருந்தது. அன்றைக்கு அந்தச் சமாதானம் போயிற்று. நட்டப்படுகிறவர்கள், எழுத்தை மட்டுமே நம்பிக் கற்றுக்கொள்கிறவர்கள். அவர்களுக்காகத்தான் ரோமனில் எழுதவே செய்கிறோம்.

இதற்கு நேர்மாறான கெடுதலும் உண்டு. கணினியில் பட்டியல் போடுகிறவர்கள் எக்செலில் ‘ப்ராப்பர்’ என்ற கட்டளையைக் கொடுப்பார்கள். அது ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்குவதோடு நில்லாமல் மிச்சமுள்ள எல்லாவற்றையும் சின்னதாக்கிவிடும். அப்போது நடுவில் நின்ற ணகரமும் ளகரமும் நெடிலும் ஒரேயடியாகப் படுத்துவிடும். ‘கண்ணா’ என்பதை ‘கன்ன’ என்றும் படிக்கலாம். அப்பாஸ்ட்ரஃபி குறிக்கு அடுத்த எழுத்தையும் அது பெரிதாக்கும் என்பதால் ‘சில்ட்ரன்ஸ் கார்னர்’ போன்ற ஆங்கிலத் தலைப்புக்கே ‘சில்ட்ரன்ஸ்’ இறுதியில் பெரிய எஸ் முளைத்துவிடும். எந்த மொழியையும் தெரியாத கட்டளை அது, எல்லா மொழியையும் ஒரே மாதிரிதான் நடத்தும்.

எண்களை யாரும் நகர்த்துவதில்லை

மதுரையில் சௌராஷ்டிரப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் உடனே புரியும். நடனகோபால நாயகி சுவாமிகளின் (1843–1914) கீர்த்தனைகளைப் பஜனைகளில் பாடுகிறவர்கள் பலருக்குச் சௌராஷ்டிர எழுத்துப் பழக்கமில்லை, தமிழ் எழுத்தில்தான் படிப்பார்கள். தமிழில் ஒரே ககரத்துக்குள் நான்கு ஓசைகளை அடக்க வேண்டும். அதற்கு எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று எண் போடுவார்கள். தியாகராஜரைத் தமிழில் அச்சிடும் பழைய புத்தகங்களிலும் இதே ஏற்பாடு உண்டு: ‘நிதி⁴ சால ஸுக²மா’. காமராசர் சாலைப் பக்கம் ஒரு பெரியவர் அப்படிப்பட்ட புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடிக் காட்டினார். நாலு போட்ட இடத்தில் அடிவயிற்றிலிருந்து மூச்சு வரும், மூன்று போட்ட இடத்தில் ஓசை மென்மையாக இறங்கும். “நம்பர பார்த்துப் பாடணும் தம்பி, இல்லேன்னா வேற பாட்டாயிடும்” என்றார்.

ரோமன் எழுத்துமுறையில் வரும் பெரிய எழுத்துக்கும் இந்த எண்ணுக்கும் வேலை ஒன்றுதான். எந்த அச்சகத்திலும் யாரும் ‘தலைப்பு அழகாக இருக்கட்டும்’ என்று ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு 3 சேர்ப்பதில்லை. பெரிய எழுத்து மட்டும் ஆங்கிலத்தில் வேறொரு வேலையும் பார்ப்பதால், பார்க்கிறவர் அதை அலங்காரம் என்று எடுத்துக்கொண்டு தொட்டுவிடுகிறார்.

ஆங்கில விதியைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறவர்களுக்கு ஆங்கிலத்துக்குள்ளிருந்தே ஒரு பதில் இருக்கிறது. அது எனக்குக் கிடைத்தது நம்மூர் சர்ச் பாடகர் குழுவின் பாட்டுப் பட்டியலில். பாமாலைகளில் பலவற்றுக்குத் தனித் தலைப்பு கிடையாது, முதல் வரிதான் பெயர். ஆங்கிலப் பாமாலைப் புத்தகத்தின் பின்னால் உள்ள முதல்வரி அட்டவணையைப் பாருங்கள். வரியின் முதல் சொல்லுக்கும் தெய்வப் பெயர்களுக்கும் பெரிய எழுத்து, மற்றவை வாக்கியத்தில் இருக்கிறபடி சின்னது. தலைப்பில்லாத கவிதைக்கு முதல் வரியைப் பெயராகச் சொன்னால் வரியில் உள்ளது உள்ளபடியே எழுத வேண்டும், தலைப்பு விதியைப் போடக்கூடாது என்பது ஆங்கில நடைக் கையேடுகளே சொல்வது. நம் கீர்த்தனைகள் எல்லாம் அந்த வகைதானே? தியாகராஜர் எந்தப் பாட்டுக்கும் தலைப்பு வைக்கவில்லை. பல்லவியின் தொடக்கம்தான் பெயராக நிலைத்தது. ‘நிதி சால சுகமா’ என்பது பாதியில் நிற்கும் ஒரு கேள்வி. தேவாரமும் அப்படி. ஆலவாயில் சம்பந்தர் பாடிய ‘மந்திரமாவது நீறு’ பதிகத்தை அந்தச் சொல்லைக் கொண்டுதான் தேடுவோம், பதிப்புகளின் பின்னால் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருப்பது அதற்காகத்தான். வரியைப் பெயராக்குவது இந்த மண்ணுக்கு மிகவும் பழக்கமான காரியம். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியாதபோது அந்தப் பாட்டின் உவமையையே எடுத்து அவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டுவிட்டார்கள். வரி வரியாகவே இருந்துகொண்டு பெயராகவும் இருக்கலாம். அதற்குத் தலைப்பு வேஷம் எதுவும் வேண்டியதில்லை.

இப்போது நிரல் என் கைக்கு வந்தால் பாட்டுப் பெயரை முதலில் தமிழ் எழுத்தில் போடச் சொல்கிறேன். அடுத்து ரோமனில். ஓசை முறையில் எழுதினால் அந்த முறைப்படி, முதலெழுத்து உட்பட. முடிந்தால் கோடும் புள்ளியும் உள்ள முறை, இப்போதுள்ள ஃபாண்ட்களில் அதற்குத் தடை இல்லை. எந்த முறையும் இல்லாமல் செய்தித்தாள் பாணியில் எழுதினால் முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. நிரலின் அடியில் ஒரே வரியில், பெரிய எழுத்து ஓசையைக் குறிக்கிறது என்று அச்சிட்டுவிடுவோம். பியானோ மிஸ்ஸும் பாட்டு டீச்சரும் இதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஒத்துக்கொள்ளாதவர், கொலுவில் “தாயே, கண்ணு” என்று எடுத்துக் கொடுத்த அந்தப் பாட்டி. டீச்சரின் அத்தை அவர், ஆங்கிலம் படித்தவர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த நிரலின் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, “மத்ததெல்லாம் எப்படியோ போடுங்க. மீனாட்சிக்குச் சின்ன எழுத்து போட்டா நான் கையில வாங்க மாட்டேன்” என்றார். ஆள்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் பெரிய எழுத்துப் போட்டுப் பழகிய கைக்கு, அம்மன் பெயரைச் சின்ன எழுத்தில் பார்ப்பது தாங்கவில்லை. தமிழில் நாம் தெய்வத்துக்குக் கொடுக்கும் மரியாதை எழுத்தின் அளவில் இல்லை, ‘ஆர்’ விகுதியிலும் அழைக்கும் முறையிலும் இருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. டீச்சர்தான் யோசித்து ஒரு வழி சொன்னார். அவர் எழுதும் முறையில் எம் என்ற எழுத்துக்கு ஒரே ஓசைதான், பெரிதாக்கினாலும் மகரம் மகரமாகவே இருக்கும். ஆகவே மீனாட்சிக்குப் பெரிய எழுத்துப் போடலாம், ஒன்றும் கெடாது. காமாட்சிக்கும் கோவிந்தனுக்கும் போடலாம். சிவனுக்கும் நடராஜனுக்கும் போட முடியாது, ஷிவனும் ணடராஜனும் ஆகிவிடுவார்கள். “அப்ப சுவாமிக்கு மட்டும் சின்னதா?” என்று நான் கேட்டேன். பாட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “மதுரையில அம்மனுக்குத்தானே முதல் மரியாதை. இருக்கட்டும்” என்றார். அப்படியே அச்சுக்குப் போயிற்று.